வியாகுலம் முறுக்கிய கயிறு

உப்புக்கு விலை வைக்க மனிதர்கள் கற்றுக்கொள்ளாத காலத்திலே, கடலோரமாக ஒரு ராஜ்யம் இருந்தது. அதை ஆண்ட அரசர் நல்லவர். வாரி வாரி வழங்குகிற நல்லவர் என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையைச் சொன்னால் கோபப்படாத நல்லவர். அப்படிப்பட்டவர்கள் எத்தனை அபூர்வம் என்று பெரியவர்களுக்குத் தெரியும். சின்னவர்கள் போகப்போகத் தெரிந்துகொள்வீர்கள்.

அந்தக் கரையில் முத்துக்குளிக்கிறவர்கள் வாழ்ந்தார்கள். முத்துக்குளிக்கிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவான். கயிற்றின் மறுமுனை தோணியில் இருப்பவன் கையில் இருக்கும். மூச்சு முட்டும்போது கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டுவான். மேலே இருப்பவன் அந்தக் கணமே இழுக்க வேண்டும்.

ஆகவே அந்தக் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்க மாட்டார்கள். மனைவியின் கூடப்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். சொந்தத் தங்கையின் தாலியை அறுக்க எந்த அண்ணன் துணிவான்? அதுதான் அந்த ஊர்க் கணக்கு. தோணி புறப்படுமுன் மனைவியே கரைக்கு வந்து, கயிற்றைத் தன் அண்ணன் கையில் வைத்துவிட்டுப் போவாள்.

ஆண்டுதோறும் சலாபம், அதாவது முத்துக்குளிக்கும் பருவம் தொடங்கும் நாளில் அரசர் அந்தக் கரைக்கு வருவார். மணலில் பாய் விரித்து உட்காருவார். "என்னிடம் சொல்லவேண்டியது யாருக்காவது உண்டா?" என்று மூன்று முறை கேட்பார். தப்புச் செய்தவன் எழுந்து சொன்னால் அவனுக்குச் சவுக்கடி கிடையாது, சிறை கிடையாது, ஊர்விலக்கு கிடையாது. மன்னிப்பு உண்டு. கூடவே, சரிசெய்வதற்கு ஒரு வேலை உண்டு. அடுத்தவன் வலையைக் கிழித்தவன் உட்கார்ந்து அந்த வலையைப் பின்னிக் கொடுப்பான். அவ்வளவுதான் அந்த ராஜ்யத்தின் சட்டம். இதைவிட லேசான சட்டத்தை நான் கேள்விப்பட்டதில்லை. அதையும் கடைப்பிடிக்க முடியாமல் போன ஒருவனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அவன் பெயர் தொம்மை. அவனுக்கு ஒரே தங்கை, கித்தேரி. அவள் புருஷன் சீமோன் அந்தக் கரையிலேயே ஆழமாக இறங்குகிறவன். காலையில் கித்தேரி கரைக்கு வந்து, "அண்ணே, ஒன் கையிலதான் குடுக்கேன்" என்று சொல்லிக் கயிற்றைக் கொடுப்பாள். தொம்மையும், "நீ போய் உலையை வை, ஒன் மாப்பிள்ளயப் பத்திரமா கொண்டாந்து விடுதேன்" என்பான்.

ஒருநாள் சீமோன் இறங்கினான். தோணியில் தொம்மை மட்டும் இருந்தான். சிப்பியைக் கரைக்கு வந்த பிறகே பிளக்க வேண்டும் என்பது அங்கே கட்டுப்பாடு. ஆனால் சீமோன் அதுவரை எடுத்துப்போட்டிருந்த குவியலில் ஒரு சிப்பி தொம்மையின் கண்ணைப் பறித்தது. பெரிய சிப்பி. கயிற்றைக் காலடியில் மிதித்துக்கொண்டான். கத்தியை எடுத்தான். சிப்பியின் வாயில் செருகினான்.

காலடியில் கயிறு சுண்டியது.

'இதோ, இதைத் திறந்துவிட்டு' என்று நினைத்தான்.

கயிறு மறுபடியும் சுண்டியது. 'இதோ' என்று நினைத்தான். மூன்றாம் முறையும் சுண்டியது, மெதுவாக. சிப்பி திறந்தது. உள்ளே முத்து இல்லை, வெறும் சதை.

அதன்பிறகு இழுத்தான். கனம் மட்டும் வந்தது. தண்ணீருக்குள் சீமோனின் செத்த முகத்தைப் பார்த்ததும் தொம்மைக்கு உயிரே போய்விட்டது போலிருந்தது. கித்தேரியிடம் என்ன சொல்வது? ஊருக்கு என்ன சொல்வது? கையில் கத்தி இருந்தது. கயிற்றைத் தேய்த்துத் தேய்த்து, இற்றுப்போனது போல அறுத்தான். மாப்பிள்ளையின் உடம்பு மறுபடி ஆழத்துக்குப் போனது. அப்புறம்தான், "கயிறு அந்து போச்சே!" என்று மற்றத் தோணிகளைப் பார்த்துக் கத்தினான்.

அவர்கள் இறங்கி உடம்பை எடுத்து வந்தார்கள். கித்தேரி மணலில் விழுந்து அழுதாள். ஊர் கயிறு முறுக்கினவனைத் தேடியது.

கயிறு முறுக்கினவன் வியாகுலம். தொம்மையைவிட மூத்தவன், தனியாள், சூதுவாது தெரியாதவன். 'என் கயிறு அறாது' என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அறுந்த முனையைக் கையில் வாங்கிப் பார்த்தான். "என் கைதானே முறுக்குச்சு. எங்க புத்தி போச்சோ" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அந்த ஆண்டு சலாபத்துக்கு அரசர் வந்தார். மணலில் உட்கார்ந்தார். "என்னிடம் சொல்லவேண்டியது யாருக்காவது உண்டா?" என்று கேட்டார்.

வியாகுலம் எழுந்தான். "ராசாவே, நான் முறுக்குன கயிறு அந்து ஒரு மனுசன் செத்துப்போனான்" என்றான்.

அரசர் அவனை வெகுநேரம் பார்த்தார். "வியாகுலம், உன்மேல் எனக்குக் குற்றம் தெரியவில்லை. நீ போய் உன் கயிற்று ராட்டையைச் சுற்று" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார். தொம்மை மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அரசரே குற்றமில்லை என்று சொன்னபிறகு ஊர் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அது அரசருடைய இரக்கம், அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டது. வியாகுலமும் அப்படித்தான் நினைத்தான். அவன் ராட்டையை எடுத்து அடுப்பில் வைத்து எரித்தான். மறுநாள் விடியலில் ஊற்றுக்குப் போய்க் குடம் குடமாகத் தண்ணீர் எடுத்துவந்து கித்தேரியின் வாசலில் வைத்தான். அவள் முதலில் அதைத் தெருவில் கொட்டினாள். அவன் மறுபடியும் போய் எடுத்துவந்தான். நாளடைவில் அவள் கொட்டுவதை நிறுத்தினாள்; பேசுவதை மட்டும் தொடங்கவில்லை.

தொம்மை இதையெல்லாம் தன் வாசலில் நின்று பார்த்தான். தான் செய்த பாவம் இன்னொருவன் தோளில் ஏறித் தங்கை வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து போவதைத் தினந்தினம் பார்த்தான்.

அவனுக்கு மனசாட்சி இல்லை என்று நினைக்கிறீர்களா? இருந்தது. அதுதான் கொடுமை. அவன் நோன்பு நாட்களான தவசுக் காலத்தில் நாள் முழுக்கப் பட்டினி கிடந்தான். கோயில் வாசலிலிருந்து பீடம்வரை முழங்காலில் நடந்தான். ஏழைகளுக்குச் சோறு போட்டான். பீடத்தின் முன்னால் குப்புற விழுந்து அவன் அழுகிற அழுகையைப் பார்த்து ஊரே உருகியது. "தொம்மையைப்போல பக்திமான் உண்டா?" என்றார்கள். கோயில் சாவியையும் அவன் கையிலேயே கொடுத்தார்கள். எல்லாம் செய்தான். ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை.

அடுத்த சலாபம் வந்தது. அரசர் மூன்று முறை கேட்டார். தொம்மைக்கு வாய்வரை வந்தது. 'கித்தேரியின் காயம் இன்னும் ஆறவில்லை, இப்போது சொன்னால் செத்தே போவாள்' என்று விழுங்கினான்.

இன்னொரு சலாபம் வந்தது. அரசர் மூன்று முறை கேட்டார். தொம்மையின் மகளுக்குப் பரிசம் போட்டிருந்த சமயம் அது. 'கல்யாணம் முடியட்டும்' என்று விழுங்கினான்.

மகளுக்குக் கல்யாணம் முடிந்தது, பேரனும் பிறந்தான். பின்னும் ஒரு சலாபம் வந்தது. அரசர் மூன்று முறை கேட்டார். 'கோயில் சாவியை வைத்திருக்கிறவன் சொல்கிற பேச்சா இது? ஊர் விசுவாசமே ஆடிப்போகும்' என்று விழுங்கினான். கவனித்தீர்களா? எப்போதும் மற்றவர்களுக்காகத்தான் அவன் வாயை மூடிக்கொண்டான். நாமும் அப்படித்தான் மூடிக்கொள்கிறோம்.

வியாகுலத்துக்கு முதுகு வளைந்தது. ஒருநாள் குடத்தோடு வழியில் விழுந்தான். தூக்கிக்கொண்டுபோய்ப் பாயில் போட்டார்கள். சலாபம் தொடங்க இன்னும் சில நாட்கள்தான் இருந்தன.

கித்தேரி கஞ்சி எடுத்துப் போனாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு, "குடிங்க அண்ணாச்சி" என்றாள். அவன் குடிக்கவில்லை. "தொம்மையக் கூப்பிடு" என்றான்.

தொம்மை வந்து பாயருகே உட்கார்ந்தான். வியாகுலம் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தொம்மை, நீ கோயிலே கதின்னு கெடக்கவன். நீ சொன்னா எனக்கு ஆறும். எனக்குப் பயமா இருக்கு. அங்க சீமோன் நிப்பானே. 'ஏன் வே, இப்படிக் கயிறு முறுக்கினீரு'ன்னு கேட்டா, நான் என்னத்தச் சொல்ல?"

ஒரே ஒரு வாக்கியம் போதும். 'உங்க கயிறு அறல அண்ணாச்சி.' குழந்தைகூடச் சொல்லிவிடக்கூடிய வாக்கியம். தொம்மை வாயைத் திறந்தான். கஞ்சிக் கிண்ணத்தோடு கித்தேரி பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தான். 'இன்னும் சில நாளில் அரசர் வருவார். முறைப்படி அங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த முறை நிச்சயம்' என்று நினைத்தான்.

"சர்வேசுரன் இரக்கமுள்ளவரு அண்ணாச்சி. மன்னிப்பாரு" என்றான்.

"மன்னிப்பாருதான். ஆனா செஞ்சது செஞ்சதுதானே" என்றான் வியாகுலம். கையை விட்டுவிட்டான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அன்றைக்குப் பொழுது சாயுமுன் செத்துப்போனான். நிம்மதியாகச் செத்தான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பயந்துகொண்டே செத்தான்.

சலாபம் தொடங்கியது. அரசர் வந்தார். மணலில் உட்கார்ந்தார். அவர் முதல் முறை கேட்டு முடிப்பதற்குள் தொம்மை எழுந்து ஓடிப்போய் அவர் காலடியில் விழுந்தான். சிப்பியைச் சொன்னான், கத்தியைச் சொன்னான், கயிற்றை அறுத்ததைச் சொன்னான்.

"எனக்குத் தெரியும்" என்றார் அரசர்.

"தெரிஞ்சுமா ராசாவே சும்மா இருந்தீக?"

"நான் சும்மா இருக்கவில்லை தொம்மை. கேட்டுக்கொண்டே இருந்தேன்."

ஏன் அவரே சொல்லிவிடவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். யார் வாயையும் பிடுங்கி உண்மையை எடுப்பதில்லை என்பது அவருடைய ராஜ்யத்தின் முறை. என்றாலும் இந்த இடத்தில் அவரோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அது இன்றுவரை தீரவில்லை.

அரசர் குனிந்து தொம்மையைத் தூக்கினார். "உன்னை மன்னித்தேன். என் ராஜ்யம் உனக்கும் திறந்திருக்கிறது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அது பொய்யான மன்னிப்பு இல்லை. அவர் சொன்னால் சொன்னதுதான்.

தொம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நான் சரிசெய்ய ஒரு வேலை உண்டுமே ராசாவே. எதுன்னாலும் செய்யுதேன்."

அரசர் சொன்னார்: "உனக்கென்று நான் வைத்திருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். வியாகுலத்திடம் போய், 'உன் கயிறு அறவில்லை' என்று சொல்ல வேண்டும்."

"அவரு போயிட்டாரே ராசாவே. வேற வேலை குடுங்க. பெரிய வேலையா குடுங்க."

"வேறு வேலை இல்லை" என்றார் அரசர்.

கூட்டம் விலகியது. கித்தேரி வந்து நின்றாள். அவள் அழவில்லை, திட்டவில்லை. தொம்மையின் உள்ளங்கை இரண்டையும் விரித்துப் பார்த்தாள்.

"இந்தக் கையிலதான் குடுத்தேன் அண்ணே" என்றாள். "நீ அறுத்தது ஒரு உசுரு. ஒன் பேச்ச நம்பி நான் கொட்டுன தண்ணி இன்னொரு உசுரு. அதுக்கு நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல?"

அவள் வீட்டுக்குப் போனாள். வியாகுலத்தின் குடத்தை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போய், அவன் மணல்மேட்டில் தண்ணீர் ஊற்றினாள். மணல் அதை உடனே உறிஞ்சிக்கொண்டது.

அன்றுமுதல் தொம்மை தினமும் அங்கே போனான். மேட்டருகே உட்கார்ந்து, "உங்க கயிறு அறல அண்ணாச்சி" என்று சொல்வான். பதிலுக்குக் கொஞ்சநேரம் காத்திருப்பான். மறுபடியும் சொல்வான். இருட்டும்வரை சொல்லிவிட்டு எழுந்து போவான். மன்னிக்கப்பட்டவன் அவன். அதில் சந்தேகமில்லை. அந்த ஒரு வேலைதான் கடைசிவரை முடியவில்லை.

கேட்டவர்களே, ஆண்டவருடைய ராஜ்யத்தில் மன்னிப்பு எத்தனை காலமானாலும் உங்களுக்காகக் காத்திருக்கும், உங்களால் நொந்த மனிதன் காத்திருக்க மாட்டான், ஆகையால் அவன் உயிரோடு இருக்கும்போதே மனந்திரும்புங்கள்.