மரங்கொத்தியின் மணல்

மூங்கில் காட்டில் குட்டிகளுக்கு ராட்டினம் சுற்றுவதுதான் கீரியின் பிழைப்பு. ராட்டினம் சுழல நல்ல அச்சு வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தது மரங்கொத்தி ஒன்றுக்குத்தான். அதனிடம் ஒரு வழக்கம் இருந்தது. அச்சு கேட்டு வருகிறவர்கள் தங்கள் புது ராட்டினத்தை மரத்தடி மணலில் வரைந்து காட்ட வேண்டும். அளவு பார்த்ததும் மரங்கொத்தி இறக்கையால் மணலை அழித்துவிடும். வெளியே மூச்சு விடாது.

ஒரு நாள் மரங்கொத்தியின் அச்சுப் பட்டறையைக் கரடி வாங்கி, மரங்கொத்தியையே அங்கே வேலைக்கு வைத்துக்கொண்டது. காட்டிலேயே பெரிய ராட்டினத் திடல் கரடியுடையது. புழு நிறைந்த பத்து மரங்களைத் தருகிறேன் என்றால் மரங்கொத்திக்கு வாய் ஊறாதா என்ன? கீரியும் வெள்ளந்தியாகச் சந்தோஷப்பட்டது. கரடியிடம் வசதி இருக்கிறது, இனித் தேக்கிலேயே அச்சு கிடைக்கும் என்று நினைத்தது.

கோடைத் திருவிழாவுக்காகக் கீரி ஒரு நீர் ராட்டினத்தை யோசித்து வைத்திருந்தது. சுற்றும்போதே குட்டிகள் மேல் தண்ணீர் தெளிக்கும். பழைய ராட்டினம் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. இதுவும் போனால் கடையை மூட வேண்டியதுதான். வழக்கம்போல மணலில் வரைந்து காட்டியது. அச்சு நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போனது. பத்தாம் நாள் கரடியின் திடலில் நீர் ராட்டினம் சுற்றியது.

வழக்கு யானையிடம் போனது.

"யாருக்காவது அச்சு இல்லை என்றேனா? விலையை ஏற்றினேனா?" என்று கேட்டது கரடி.

அது உண்மைதான்.

யானை மரங்கொத்தியைப் பார்த்தது. "இப்போதெல்லாம் மணலை எப்போது அழிக்கிறாய்?"

மரங்கொத்தி தலை குனிந்தது. "முதலாளி பார்த்த பிறகுங்க."

ராட்டினம் நடத்துகிற யாரும் அச்சுப் பட்டறையை வாங்கக் கூடாது என்று யானை தீர்ப்புச் சொன்னது. கரடி பட்டறையைத் திருப்பிக் கொடுத்தது, நீர் ராட்டினத்தையும் பிரித்துப் போட்டது.

மறுநாள் மரங்கொத்தி புது மணல் பரப்பிக் காத்திருந்தது. யாரும் வரவில்லை. மதியம் கீரி அந்த வழியே போனது. அதன் முதுகில், தானே பல்லால் கடைந்த கோணல் அச்சு இருந்தது.

"வா தம்பி, இனி நான் மட்டும்தான் பார்ப்பேன்," என்று மரங்கொத்தி கூப்பிட்டது.

கீரி நின்றது. அதற்கும் மனசு கேட்கவில்லை.

"தெரியும் அண்ணே. ஆனா வரையக் கை வரலையே," என்று சொல்லிவிட்டு நடந்தது.

எல்லோரும் நம்பி வரும் இடத்தை விற்பவர், தனக்குச் சொந்தமில்லாத நம்பிக்கையையும் சேர்த்து விற்கிறார். இடம் திரும்பி வந்தாலும் அது திரும்பி வருவதில்லை.