முதலாளி வண்டிக்கே முதல் போணி

தேனியில் கார் பட்டறை வைத்திருந்த சௌந்தரபாண்டி, எங்கேயோ மட்டமான பிரேக் ஹோஸ், அதாவது பிரேக்குக்குப் போகும் ரப்பர் குழாய், வாங்கி வந்து, "ஃபாரின் சரக்குப்பா! மாட்டுனா பெடல் கல்லு மாதிரி நிக்கும்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பெடல் பஞ்சாய் அமுங்குகிறதே என்று வந்த டாக்ஸிக்காரர் இருளப்பனும் நம்பிவிட்டார்.

மெக்கானிக் மரியபுஷ்பம் ஹோஸை வளைத்துப் பார்த்துவிட்டு முதலாளியிடம் காதோடு சொன்னாள்: "ரப்பர்ல வெடிப்பு விட்டிருக்கு. மலைப்பாதையில பிய்ச்சுக்கும்."

"மாட்டுறியா, வீட்டுக்குப் போறியா?"

பல்லைக் கடித்தபடி உள்ளே போனவள், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். "மாட்டிட்டேன் முதலாளி. புதுச் சரக்குன்னா முதல் போணி உங்களுதுதானே? உங்க கார்லயே மாட்டிட்டேன்."

கொடைக்கானல் போவதற்காக முதலாளியின் மனைவியும் பிள்ளைகளும் பட்டறை வாசலில் நின்ற அந்தக் காரில்தான் ஏறிக்கொண்டிருந்தார்கள். "ஐயையோ, இறங்குங்க! ஏய், அந்தச் சனியனைக் கழட்டுடி! ஆளைக் கொன்னுடும்!" என்று அலறினார் முதலாளி.

மரியபுஷ்பம் முதுகுக்குப் பின்னாலிருந்து ஹோஸை எடுத்து நீட்டினாள். அதை அவள் எந்த வண்டியிலும் மாட்டவே இல்லை.

இருளப்பன் அதைப் பிடுங்கி முதலாளியின் காலடியில் எறிந்தார். "ஏன்யா, என் வண்டியில ஏறுறவன் பெத்தது மட்டும் பிள்ளை இல்லையா?"