நாற்பது வீட்டுப் பல்லி

அந்தக் காலத்தில் பல்லிக்கு வாய் நிறையப் பேச்சு இருந்தது. பேசிப் பேசியே அலுத்துப்போன பிராணி என்று சொல்லவேண்டும். அதற்கு வாய்த்த வேலை அப்படி.

வெள்ளத்தில் குடிசைகளை இழந்தவர்களுக்கு அந்த ஊர் ராஜா ஒரே வரிசையாக நாற்பது வீடுகள் கட்டிச் சொற்ப வாடகைக்கு விட்டிருந்தார். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஆட்கள் குடிவந்த மறுவாரமே கரப்பான்களும் குடிவந்தன. அவற்றை ஒழிக்கும் வேலையை ராஜா பல்லியிடம் கொடுத்தார்.

மாதம் ஒரு நாள் காலையில் நாற்பது வீட்டுக்காரர்களும் சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஒரே நேரத்தில் வேப்பிலைப் புகை போடவேண்டும். மிரண்டு ஓடிவரும் கரப்பான்களைப் பல்லிக் கூட்டம் வாசலில் பிடித்துக்கொள்ளும். ஒரு வீடு விட்டுப்போனாலும் போச்சு. அத்தனையும் அங்கே போய் ஒளிந்துகொண்டு மறுநாள் திரும்பிவிடும். இதைப் பல்லி வீடு வீடாகப் போய்ச் சொல்லும். "எங்க வீட்ல ஏது கரப்பான்? பக்கத்து வீட்லேர்ந்துதான் வருது" என்று நாற்பது வீட்டிலும் ஒரே பதில். பாவம், தலையை ஆட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து சொல்லும்.

ஒரு மாதம், புகை போடும் நாளன்றே ராஜாவின் மணியக்காரர் வீடுகளைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அன்று இருபத்திரண்டாம் வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. அங்கே பூங்காவனம் என்பவள் இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தாள். வெள்ளம் எல்லாவற்றையும் கொண்டுபோனதிலிருந்து அவளுக்கு எதையும் தூக்கிப்போட மனம் வராது. உடைந்த பானை, கிழிந்த பாய், கால் போன முக்காலி என்று சுவர் மறையக் குவித்திருந்தாள்.

பல்லி கதவிடுக்கில் நுழைந்தது. "கதவைத் தொறம்மா. எல்லா வீட்லயும் புகை போட்டாச்சு."

"சாமானை எடுத்தா கரப்பானும் கூடவே வரும். மணியக்காரர் பாத்தா வீட்டைப் பிடுங்கிக்குவாரு. புள்ளைங்களோட நான் எங்க போவேன் அண்ணே?"

"அவருகிட்ட சொன்னாத்தானம்மா ஒரு வழி பொறக்கும்."

"வேணாம். நான் செவுத்துல மூணு தடவை தட்டுற வரைக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

முப்பத்தொன்பது வீட்டில் சொல்லிவிட்டு வந்த களைப்பு. பேசாமல் இருக்கச் சொன்னால் கசக்குமா? பல்லி சத்தியம் செய்துவிட்டது. அதற்குள் குவியலில் சரசரவென்று சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

மணியக்காரர் இரண்டு ஆட்களோடு வந்தார். பூங்காவனம் கதவை அரைவாசி திறந்து, குவியலை மறைத்து நின்றாள்.

"எல்லா வீடும் முடிஞ்சுதா? யாருக்காவது ஆள் ஒத்தாசை வேணுமா?" என்று சுவரிலிருந்த பல்லியைக் கேட்டார்.

பல்லி பூங்காவனத்தின் கையைப் பார்த்தது. கை சுவரில்தான் இருந்தது, ஆனால் தட்டவில்லை. சொல்லவேண்டிய வார்த்தைகளைப் பல்லி ஒவ்வொன்றாக விழுங்கியது. தாங்கமாட்டாமல் "ச்சு... ச்சு... ச்சு..." என்று உச்சு மட்டும் கொட்டியது.

"சரி, தேவையில்லபோல" என்று மணியக்காரர் ஆட்களை அழைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை நாற்பது வீட்டுக் கரப்பான்களும் பூங்காவனம் வீட்டிலிருந்து கிளம்பி வந்தன. அண்டைவீட்டார் துடைப்பத்தோடு வந்து நின்றார்கள். "அந்த ரெண்டு பேரும் சாமான் தூக்கிக் குடுக்கத்தானே வந்தாங்க! கரப்பானுக்காக எவனாச்சும் வீட்டைப் பிடுங்குவானா?" என்றாள் ஒருத்தி.

பூங்காவனம் ஓடிப்போய்ச் சுவரை மூன்று தடவை தட்டினாள். "சொல்லுங்க அண்ணே! மணியக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லுங்க!"

பல்லி வாயைத் திறந்தது. விழுங்கிய வார்த்தை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. உச்சுதான் வந்தது.

பிள்ளைகளின் சோற்றுப் பானைக்குள்ளும் கரப்பான் நிறைந்த பிறகு, யாரும் பிடுங்காத வீட்டைப் பூங்காவனம் தானே காலி செய்துகொண்டு போனாள்.

அன்று முதல்தான் பல்லி பேச்சு மறந்து சுவரிலிருந்து உச்சுக் கொட்டுகிறது. அதைக் கேட்டதும் நாமும் விரலால் மூன்று தடவை தட்டுகிறோம். தட்டிவிட்டு, கட்டிலுக்கு அடியில் கிடப்பதை அப்படியே விட்டுவிட்டு, வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.