செபத்தின் மறுபாதி

"பாதி செபம் மேலே போய்ச் சேருமா சாமி?"

காலைப் பூசை முடிந்திருந்தது. ததேயு சாமியார் பீடத்து மெழுகுவர்த்திகளை அணைத்துக்கொண்டிருந்தார்.

கேட்டவர் உபதேசியார் இஞ்ஞாசி. அந்தப் பங்குக் கோவிலில் பூசைக்கு மணி அடிப்பவர். முன்னால் நின்று செபமாலை சொல்பவர். ஊரில் முக்கால்வாசிப் பேருக்குச் செபம் கற்றுக்கொடுத்தவர். சாமியாரின் அப்பாவைவிட மூத்தவர்.

"எந்தப் பாதி?" என்றார் சாமியார்.

"முதப் பாதி."

சாமியார் அடுத்த திரியை அணைத்தார். உபதேசியாரே மேற்கொண்டு சொன்னார்.

மாதாவை நோக்கிச் சொல்லும் அருள் நிறைந்த மந்திரத்தை இரண்டாகப் பிரித்துச் சொல்வதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம். ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர் மறுபாதியைப் பதிலாகச் சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வீட்டில் முதல் பாதி அவருடையது. மறுபாதி மனைவி வியாகுலத்தினுடையது. அவர் களைத்து வந்த நாட்களில் சொல்லிக்கொண்டே தூங்கிவிடுவார். பாதி வார்த்தை தொண்டைக்குள்ளேயே போய்விடும். அவள் அதற்கும் பதில் சொல்லிவிடுவாள்.

தவக்காலத்தில் வியாகுலத்துக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது. பேச்சு போனது. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

அவர் விடவில்லை. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் பாதியைச் சொன்னார். அவள் பாதி வரவேண்டிய இடத்தில் சும்மா இருந்தார். பிறகு செபமாலையில் அடுத்த மணிக்குப் போனார். ஒருநாள் இரண்டு பாதியையும் தானே சொல்லிப் பார்த்தார். அவள் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி இருந்தது. நிறுத்திவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை நீங்க அந்த விதவையப் பத்திப் பிரசங்கம் வச்சிய. நீதிபதி வாசல்ல விடாம நின்னு கேட்டா, கடைசியில கிடைச்சுதுன்னு. அவளுக்குப் பதில் வந்துது சாமி. எனக்குப் பக்கத்துல கிடக்கவகிட்ட இருந்தே வரல. மேல இருந்து எங்க வரப்போகுது?"

சாமியார் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்குக் கோவில் சாவியக் குடுத்துருதேன். செபமாலை மாசம் வருது. வேற ஆளப் பாத்துக்கிடுங்க. நம்பாம நின்னு சொல்ல எனக்கு ஏலாது."

கடைசித் திரியும் அணைந்தது. புகை கொஞ்ச நேரம் நின்றது.

"அந்த வாசகம் எதுல முடியுது உபதேசியாரே?"

அவருக்குத் தெரியாததா. தாம் திரும்பி வரும்போது உலகத்தில் விசுவாசம் மிச்சம் இருக்குமா என்று ஆண்டவர் கேட்பதோடு முடிகிறது என்றார்.

"அதுக்கு யாரு பதில் சொன்னா?"

உபதேசியார் யோசித்தார். "யாரும் சொல்லல. அதோட வாசகம் முடிஞ்சிருது."

"மறுபாதி உங்களுக்குத் தெரியுமா?"

"எது?"

"அருள் நிறைந்த மந்திரத்துல."

உபதேசியாருக்குச் சுருக்கென்றது. "நான் சொல்லிக் குடுத்துத்தான் இந்த ஊரே சொல்லுது."

"சொல்லிக் குடுத்திய. பதிலாச் சொல்லியிருக்கியளா?"

கோவிலில் அவர் சொல்ல, ஜனம் பதில் சொல்லும். வீட்டில் அவர் சொல்ல, வியாகுலம் பதில் சொல்வாள்.

"இன்னைக்கு நீங்க அதச் சொல்லுங்க."

"அப்ப முதப் பாதிய யாரு சொல்லுவா?"

"உங்க வீட்டம்மா."

சாமியார் போய்விட்டார்.

உபதேசியார் பீடத்தைப் பார்த்தபடி நின்றார். கேலி செய்கிறாரா, மறந்து பேசுகிறாரா என்று தெரியவில்லை. அவள் நெற்றியில் எண்ணெய் தொட்டு நோயில்பூசுதல் கொடுத்ததே இந்தச் சாமியார்தான். அவளுக்குப் பேச்சில்லை என்பது அவருக்குத் தெரியும்.

மாலை மணி அடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். வியாகுலத்தின் தங்கை புஷ்பம் அடுப்பில் கஞ்சி வைத்திருந்தாள். மாதா படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது.

அவர் செபமாலையை எடுத்து வியாகுலத்தின் இடது கையில் வைத்தார்.

"நீ ஆரம்பி."

வியாகுலம் அவரைப் பார்த்தாள்.

அவர் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். அவர் ஆரம்பித்துத்தானே அவளுக்குப் பழக்கம்.

புஷ்பம் அகப்பையோடு வந்து எட்டிப் பார்த்தாள். என்ன நடக்கிறது என்று கேட்டாள். அவர் சொன்னார்.

"வாய் பேச முடியாதவள ஆரம்பிக்கச் சொன்னாராக்கும். சின்ன வயசு சாமி. செமினாரியில அப்படிப் படிச்சிருப்பாரு. உங்களுக்கு எங்க போச்சு புத்தி, அத்தான்?"

"எனக்கும் புரியலட்டி."

"புரியாதத வச்சுக்கிட்டு அவள எதுக்கு வதைக்கிய?"

எழுந்துவிடலாம் என்று தரையில் கையை ஊன்றினார்.

வியாகுலத்தின் விரல் அசைந்தது. செபமாலையில் ஒரு மணி நகர்ந்தது.

அவர் அப்படியே இருந்தார்.

"நடுக்கம் அத்தான். கஞ்சி குடிக்கும்போதும் இப்படித்தான் ஆடுது."

இருக்கலாம். இன்னொரு மணி நகர்ந்தது. அவர் புஷ்பத்தைப் பார்த்தார். பிறகு விரலைப் பார்த்தார். மூன்றாவது மணியில் விரல் நின்றது. நகரவில்லை. நடுங்கவும் இல்லை.

வியாகுலத்தின் கண் அவர் முகத்தில் இருந்தது. சோற்றைப் போட்டுவிட்டு, அவர் வந்து உட்காராத நாட்களில் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

உபதேசியார் மறுபாதியைச் சொன்னார்.

மாதாவை அழைத்தார். பாவிகளாகிய எங்களுக்காக என்றார். இப்பொழுதும் என்றார். எங்கள் இறப்பின் வேளையிலும் என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. தன் பாதியில் சாவு கிடையாது. அதை இத்தனை காலமும் அவள்தான் சொல்லிவந்திருக்கிறாள்.

ஆமென் சொல்லி முடித்தார்.

விரல் அடுத்த மணிக்குப் போனது.

அடுப்பில் கஞ்சி பொங்கியது. புஷ்பம் உள்ளே ஓடினாள். வியாகுலம் சில மணிகளை இரண்டிரண்டாகத் தள்ளினாள். ஒருமுறை வந்த வழியே திரும்பினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டே போனார். பாதியில் அவள் கண் சொருகியது. விரல் ஒரு மணியின்மேல் அப்படியே இருந்தது. அதற்கும் சொன்னார்.

மறுநாள் காலையில் சாமியார் கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உபதேசியார் எதிரே வந்து நின்றார். முதல் மணி இன்னும் அடிக்கவில்லை. அவர் முகத்தில் தெளிவு இல்லை. ராத்திரி தூங்காத கண்.

நடந்ததை எல்லாம் சொன்னார். மணி நகர்ந்தது, நின்றது, இரண்டிரண்டாகப் போனது, திரும்பி வந்தது. புஷ்பம் நடுக்கம் என்று சொன்னதையும் விடாமல் சொன்னார்.

"எனக்குக் குழம்பிக் கிடக்கு சாமி. அவ பாட்டுக்கு விரல் ஆடியிருந்தா, நான் ஒண்ணுமில்லாததுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். நீங்க படிச்சவிய. நீங்களே சொல்லுங்க."

சாவியை நீட்டினார்.

"அவ சொன்னது செபமா, வெறும் நடுக்கமா? அது தெரியாம நான் அங்க போய் முன்னால நிக்க முடியாது."

சாமியார் சாவியை வாங்கவில்லை.

"நீங்க தூங்கிக்கிட்டே சொன்ன நாள்ல, அது செபமா உளறலான்னு அவங்க கேட்டாங்களா?"

கோவிலுக்குள் யாரோ பெஞ்சை இழுத்துப் போட்டார்கள்.

"கேக்கல" என்றார் உபதேசியார்.

சாவி இருந்த கையை எப்போது மடக்கினார் என்று அவருக்கே தெரியவில்லை.