கீழே இருக்கும் கை

"நீ பாத்தே. பாத்துட்டுத்தான் நிக்காமப் போனே."

நான்குவழிச் சாலையைப் பார்த்துத் தினமும் இப்படிக் கத்துவார் மாட்டுத் தரகர் மாசானம். அந்த இடத்தில்தான் அவர் மகள் மாரிச்செல்வியை ஒரு வேன் இடித்துப் போட்டுவிட்டுப் போனது. நம்பரைப் பார்த்தவர் யாரும் இல்லை. கால் நொறுங்கி அவள் கட்டிலில் கிடந்தாள்.

கத்திக் கத்தித் தொண்டை போன ஒரு நாள், சந்தைக்குப் பின்னால் குடியிருந்த வடிவம்மையிடம் போனார்.

வடிவம்மை அவரைவிட எவ்வளவோ சின்னவள். பழந்துணிகளை அடுக்கிப் போர்வை தைப்பாள். கஷ்டம் என்று வருகிறவர்களை உட்காரவைத்துக் கையில் ஊசியைக் கொடுப்பாள். ஊரில் அவளைச் சாமியார் என்றார்கள். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"தாயி, குறி சொல்லுவீங்களாமே."

"சொல்ல மாட்டேன்."

"ஒரு கிடா தாரேன். அந்த வேன் யாருதுன்னு மட்டும் சொல்லுங்க."

"கிடாயை வச்சு நான் என்ன செய்ய?"

"ரெண்டு கிடா."

"அண்ணாச்சி, என்கிட்ட இல்லாத சரக்குக்கு நீங்களே விலை ஏத்துதீங்களே."

 சந்தையில்கூட மாசானத்தை இப்படி யாரும் மடக்கியதில்லை.

"யாருன்னு தெரிஞ்சா என்ன செய்வீங்க?"

"வெட்டுவேன்."

"மக என்ன சொல்லுதா?"

மாசானம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"என்கிட்ட பேச மாட்டேங்கா. பக்கத்துல போனாலே கண்ணு அந்தக் காலுக்குப் போவுது. பாத்த உடனே கத்துதேன். அவளைக் கத்தல, அவனைத்தான் கத்துதேன். அவளுக்கு அது எப்படித் தெரியும்? சுவர்ப் பக்கம் திரும்பிக்கிடுதா. இப்ப நான் வர்ற சத்தம் கேட்டாலே விரிப்பை இழுத்துக் காலை மூடுதா, தாயி."

வடிவம்மை மடியில் கிடந்த போர்வையை அவர் பக்கம் விரித்தாள்.

"மாடு விலை எப்படிப் பேசுவீங்க?"

"துண்டுக்குள்ள கையை விட்டு, விரலைப் பிடிச்சு."

"சுத்தி நிக்கவங்களுக்குத் தெரியாதோ?"

"பிடிச்ச ரெண்டு கைக்குத்தான் தெரியும்."

"அப்ப விடுங்க கையை. இதுக்குக் கீழே."

விட்டார். அவள் மேலிருந்து ஊசியை இறக்கினாள்.

மாசானம் கையை உருவினார். விரல் நுனியில் ரத்தப் பொட்டு.

"என்ன விலை சொல்லுச்சு?"

"எது, ஊசியா?"

"ஆமா."

"குத்துச்சு. விலையாம் விலை."

"நீங்க சரியாக் கேக்கல. இன்னொரு தடவை விடுங்க."

கோபமாகத்தான் இருந்தது. ஆனாலும் விட்டார். என்னதான் செய்கிறாள் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது.

இந்தத் தடவை ஊசிமுனை தோலைத் தொட்டவுடன் விரல் அதை மேலே தள்ளியது. அவர் தள்ளச் சொல்லவில்லை. தானாகத் தள்ளியது. மேலே ஒரு தையல் விழுந்தது.

மாசானம் குனிந்து அந்தத் தையலைப் பார்த்தார். போர்வையைத் தூக்கித் தன் விரலைப் பார்த்தார்.

"இது எதுக்கு, தாயி?"

"ஒரு போர்வை தைச்சிட்டு வாங்க. கீழ்க் கையை மட்டும் எடுத்துராதீங்க."

"தைச்சிட்டு வந்தா குறி சொல்லுவீங்களா?"

"வந்து கேளுங்க."

பேரம் படிந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

தன்னுடைய பழைய துண்டுகளை அடுக்கினார். எத்தனையோ மாடுகளுக்கு விலை பேசிய துண்டுகள். வீட்டில் வெளிச்சம் வருவது மகளின் கட்டிலோரத்து ஜன்னல் ஒன்றில்தான். வேறு வழியில்லாமல் அங்கே உட்கார்ந்து தைத்தார். தையல் எல்லாம் நொண்டியடித்தது.

மாரிச்செல்வி சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். அவர் ஊசியில் நூல் கோக்கத் தடுமாறும்போது மட்டும் லேசாகத் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் தெருவில் வேன் ஹாரன் கேட்டது.

எந்த வேன் சத்தம் கேட்டாலும் ஓடிப்போய்ப் பார்ப்பது அவர் வழக்கம். துள்ளி எழுந்தார்.

போர்வையும் எழுந்தது.

வேட்டியோடு சேர்த்துத் தைத்திருந்தார். கீழ்க் கையை எப்போது எடுத்தார் என்பது அவருக்கே தெரியவில்லை. ஒரு கையில் போர்வை, ஒரு கையில் வேட்டி. நடு வீட்டில் நின்றார்.

"யப்பா, ஓடாதீங்க. தெருவே பாக்கும்."

மாரிச்செல்வி சுவரிலிருந்து திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி போயிருமே ஏட்டி."

"போகட்டும். கிட்ட வாங்க, பிரிச்சு விடுதேன்."

அவர் உட்கார்ந்தார். அவள் ஊசிமுனையால் தையலை ஒவ்வொன்றாகக் கெல்லி எடுத்தாள். வண்டிச் சத்தம் தேய்ந்துபோனது. எல்லாம் பிரித்த பிறகும் அவள் போர்வையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இந்த மூலை எனக்கு. செகப்பு நூல் இருக்கா?"

சங்கிலித் தையலில் எதையோ போட ஆரம்பித்தாள். மாசானம் எட்டிப் பார்த்தார்.

"என்னது, பூவா?"

"மாடு."

"மாடா? திமிலு எங்க?"

"இந்தா இருக்கு."

"நான் வயிறுன்னுல்லா நினைச்சேன். இதைச் சந்தையில கொண்டு கட்டுனா ஓசிக்கும் ஒருத்தன் பிடிச்சிட்டுப் போக மாட்டான்."

"இது விக்கிற மாடு இல்ல."

அவள் ஒரு மூலையில் தைத்தாள். அவர் எதிர் மூலையில் தைத்தார். விரிப்பு விலகி, கம்பி மாட்டிய கால் வெளியே கிடந்தது. அவள் மூடவில்லை. மாசானம் அதைப் பார்த்தார். கத்த வாயைத் திறந்தார்.

கீழ்க் கையில் ஊசி தொட்டது. கத்தாமல் அதை மேலே தள்ளிவிட்டார்.

போர்வை முடிந்ததும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வடிவம்மையிடம் வந்தார். அவள் அதைப் புரட்டி, முதலில் பின்பக்கத்தைத்தான் பார்த்தாள்.

"வேட்டியோட தைச்சீங்களோ?"

"எப்படித் தெரியும்?"

"எல்லாரும் தைப்பாங்க. சரி, கேளுங்க. என்ன குறி?"



"குறி வேண்டாம். ஆனா அவனை நான் விடல, தாயி."

"விடச் சொல்லலையே."

அவள் போர்வையைத் திருப்பினாள். மூலையில் சிவப்பு மாடு நின்றது. நூலோடு ஓர் ஊசி துணியில் குத்தி நின்றது.

"மூணு கால்தான் இருக்கு."

"நாலாவதை மக விட்டு வச்சிருக்கா. அதை அந்த வேன்காரன்தான் வந்து போடணுமாம்."

"வருவானா?"

"தெரியாது."

"வராட்டா?"

"ஊசி அங்கயே இருக்கும்."

வடிவம்மை போர்வையை மடித்து அவர் கையில் கொடுத்தாள். 

மாசானம் நேராகச் சாலைக்குப் போனார். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றார். இன்று கத்தவில்லை. சந்தையில் கடைசி விலை சொல்லும் குரலில் சொன்னார்.

"நீ பாத்தே. வெட்ட மாட்டேன், அருவாளைப் பரண்ல போட்டாச்சு. பால் டிப்போவுக்கு எதிர் வீடுதான் எங்க வீடு. வந்து என் மக பக்கத்துல உக்காரு. மேலே ஒரு கை, கீழே ஒரு கை. அந்தக் காலைப் போட்டுக் குடுத்துட்டுப் போ."