தோற்காத தாளாளர்

தோல்வியே காணாத வீரன் ஒருவன் நாள் முழுக்கத் தன்னந்தனியாக நடந்துகொண்டே இருக்கிறான். ஏன்? யோசித்துக்கொண்டே கதையைக் கேளுங்கள்.

கல்லூரித் தாளாளர் ஆவுடையப்பனுக்கு, கணினி அறிவியல் முனைவர் மரகதவல்லி என்ன கற்றுக்கொடுக்கிறார் என்பதே புரிந்ததில்லை. வீடியோ கேம் எழுதச் சொல்லித்தருகிறாராம். அதுவும் ஒரு பாடமாம்.

ஒருநாள் அவரைக் கூப்பிட்டார்.

"ஆண்டு விழாவுக்கு ஒரு கேம் பண்ணுங்கம்மா. நான்தான் ஹீரோ. அடி வாங்கக் கூடாது, விழக் கூடாது, தோற்கவே கூடாது. முடியலைன்னா உங்க பாடத்தை மூடிடலாம்."

"சரிங்கய்யா," என்றார் மரகதவல்லி.

விழாவன்று திரையில் மீசையும் துண்டுமாக ஆவுடையப்பன் நடந்தார். நடந்துகொண்டே இருந்தார். பள்ளம் இல்லை, மேடு இல்லை, எதிரி ஒருவனும் இல்லை. நிஜ ஆவுடையப்பன் ஒன்றும் விளங்காமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"வில்லனெல்லாம் எங்கம்மா?"

"எப்படியும் தோற்கப் போறோம்னு தெரிஞ்ச பிறகு அவங்க எதுக்குங்கய்யா வரணும்?"

கூட்டம் சிரித்தது. எதற்கென்று அவருக்குப் பிடிபடவில்லை.

"பசங்க எழுதின இன்னொரு கேமும் இருக்குங்கய்யா. அதுல நீங்க குழியில விழுவீங்க, எழுந்து ஓடுவீங்க. எது நல்லா இருக்குன்னு உங்க பேத்தியையே கேட்போமா?"

"தாராளமா. அவ சொல்றதுதான் முடிவு. நான் தோற்காத கேமை அவ எடுத்தா, உங்க பாடம் நாளைக்கு இல்ல," என்றார் ஆவுடையப்பன். பேத்தி தன்னை விட்டுக்கொடுப்பாளா என்ன?

ஏழு வயது யாழிசை மேடையேறி இரண்டையும் ஆடிப் பார்த்தாள். தாத்தா குழியில் விழும் கேமை எடுத்துக்கொண்டாள்.