சங்கிலிபூதத்தான் அடைத்த வால்வு

கீழத்தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் சங்கிலிபூதத்தான். அவர் வாயைத் திறந்தால் நிற்காமல் கொட்டும். அவர் திறக்கிற குழாய்க்குத்தான் அந்தக் குணம் இல்லை.

அன்று காலை, தெருமுனையில் புதிதாகப் போட்ட வால்வுக் குழிக்குள் குந்தி, அதைத் திறக்கும் சக்கரத்தில் கை வைத்திருந்தார். சுற்றிலும் குடங்களோடு பெண்கள். கோமுவின் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். காபி போடக்கூட வீட்டில் தண்ணீர் இல்லை.

"பழைய வால்வு ஒழுகிக்கிட்டே கெடந்துச்சு. இதுவும் அப்படித்தானா?" என்றாள் கோமு.

சங்கிலிக்குச் சுருக்கென்றது.

"தங்கச்சி, பழைய வால்வுக்குள்ள தண்ணிய மறிக்கது வெறும் இரும்புக் கதவு. கீழ ஒரு பள்ளத்துல போய் உக்காரணும். பள்ளத்துல கல்லும் மண்ணும் அடைஞ்சா எப்படி உக்காரும்? இதுல பள்ளமே கெடையாது. கதவு பூரா ரப்பர் போத்திருக்கு. மணல் கெடந்தாலும் அமுங்கி அணைச்சுக்கிடும். சொட்டுத் தண்ணி தாண்டாது."

"சொட்டுக்கூடவா?" என்றாள் பக்கத்து வீட்டு சரசு.

"முந்தாநாள் அடைச்சப்ப ஒரு அயிரை மீனு கதவுக்கடியில மாட்டிக்கிட்டு. ரப்பர் மெத்தை மாதிரி அமுங்குச்சு. சாயங்காலம் பாத்தா, மீனு குறட்டை விட்டுத் தூங்குது!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது போதும் சங்கிலிக்கு. சக்கரத்தை இன்னும் கொஞ்சம் சுற்றிக்கொண்டே தொடர்ந்தார்.

"அடைபட்ட தண்ணி எங்க போகும்? டேங்குக்குத் திரும்பி, அங்கேருந்து ஆத்துக்குப் போச்சு. கெழக்க ஓடுற தாமிரபரணி மேக்க பாத்து ஓடுது! துவைக்கப் போட்ட சேலையெல்லாம் மலையேறிட்டு."

"அப்போ அருவி?" சரசு விடவில்லை.

"கீழேருந்து மேல விழுந்துச்சு. குளிக்க வந்தவனெல்லாம் தலைகீழா நின்னுல்லா குளிச்சான்! மேல போன தண்ணி மேகத்துக்குள்ள பூந்துட்டு. கனம் தாங்காம மேகம் எங்க வீட்டு மொட்டை மாடியில வந்து எறங்கி, 'அண்ணாச்சி, அரைச் சுத்தாவது திறங்க'ன்னு கையெடுத்துக் கும்பிடுது."

"திறந்தீங்களா?"

"அதெப்படி? பாதி திறந்தா கதவு தண்ணி வேகத்துல ஆடி, ரப்பர் தேஞ்சு போகும். முழுசா திறக்கணும், இல்ல முழுசா அடைக்கணும். முடியாதுன்னுட்டேன். மேகம் இன்னும் மாடியிலதான் உக்காந்திருக்கு. இந்த வருசம் மழை ஏன் இல்லன்னு நெனைச்சீங்க?"

தெருவே சிரித்தது. கோமு மட்டும் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். பேச்சு சுவாரஸ்யத்தில், அவர் கை இவ்வளவு நேரமும் அடைக்கிற பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, அடைச்ச கதை போதும்," என்றாள். "திறந்த கதை ஒண்ணு சொல்லுங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்க."